பேராளர் யாருடைய ஆள்?

2021ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே நிகழ்ந்த ஒரு காரியம், பல்கலைக்கழக மன்றங்களைச் சார்ந்த நாம் சற்றே நின்று சிந்தித்தற்குரியது. கலிபோர்னியாவைத் தளமாகக் கொண்ட அன்ட்ரீசன் ஹொரோவிட்ஸ் என்னும் பெருமுதலீட்டு நிறுவனம், யுனிசுவொப் எனப்படும் பிளொக்செயின் பரிவர்த்தனை அமைப்பிலே தனக்கிருந்த வாக்குப்பலத்தின் ஒரு பகுதியை ஹார்வார்ட், ஸ்ரான்போர்ட், பேர்க்லி முதலிய பல்கலைக்கழகங்களின் மாணவர் கழகங்களிடம் ஒப்படைத்திருந்தது. வாக்குப்பலத்தை என்றோம், அதற்கு ஆதாரமான உடைமையை அன்று. உடைமை நிறுவனத்திடமே இருக்கும். அதனைக் கொண்டு வாக்களிக்கும் உரிமை மட்டும் மாணவரிடம் இருக்கும். மாணவர் தம் மனச்சான்றின்படி வாக்களிக்கலாம், எம்மோடு உடன்படவேண்டியதில்லை என்று நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்தது. கொடுத்த உரிமையை நினைத்த பொழுதில் மீளப்பெறும் ஆற்றல் நிறுவனத்திடமே இருந்தது.

அவ்வாண்டு நடுப்பகுதியில் ஹார்வார்ட் சட்ட மாணவர் கழகமொன்று ஒரு பிரேரணையைக் கொணர்ந்தது. அவ்வமைப்பின் பொதுநிதியிலிருந்து ஒரு மில்லியன் டோக்கன், அன்றைய விலையில் ஏறத்தாழ 20 மில்லியன் டொலர், எடுத்து, சட்டமியற்றுவோரிடையே இத்துறைக்காகப் பரிந்து பேசும் நிதியமொன்றை நிறுவ வேண்டும் என்பது அது. பிரேரணை நிறைவேறிற்று. பல ஆண்டுச் செலவுக்கெனக் கூறிப் பெறப்பட்ட அத்தொகையிற் பாதி, அடுத்த மாதமே சுமார் 10 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. விற்றோர் காரணங் கூறினர். எதிர்த்தோர் கண்டனம் எழுதினர். விடயம் அத்தோடு ஓய்ந்தது. அம்மாணவர் தீயநோக்குடையோர் என்று நாம் கூறவில்லை. அவர்கள் திறமையும் முயற்சியும் வாய்ந்தவர்கள் என்பதிற் சந்தேகமில்லை. நமது வினா வேறு. அவர்கள் பேராளர் எனப்பட்டனர். யாருடைய பேரால் அவர்கள் பேசினர்?

இத்துறையிற் பழக்கமில்லாத வாசகர் பொருட்டுச் சில சொற்கள் வேண்டப்படும். ஒரே கணக்கேட்டின் பிரதிகளை ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்துக்கொண்டு, புதிய பதிவு ஒவ்வொன்றையும் தம்முள் ஒத்துப்பார்த்து ஏற்றுக்கொள்ளும் முறையே பிளொக்செயின் ஆகும். 2009இல் பிட்கொயினோடு இது நடைமுறைக்கு வந்தது. 2015இல் எதீரியம் தோன்றிய பின்னர், பணக்கணக்கை மட்டுமன்றி, தாமாக இயங்கும் ஒப்பந்தங்களையும் இவ்வேட்டில் எழுதிவைத்தல் இயல்வதாயிற்று. அங்ஙனம் எழுதப்பட்ட அமைப்பொன்றின் விதிகளை யார் மாற்றுவது, அதன் பொதுநிதியை யார் செலவிடுவது என்னும் வினாவுக்கு விடையாகவே ஆளுகை டோக்கன்கள் உண்டாயின. டோக்கன் ஒன்றுக்கு வாக்கு ஒன்று என்பது பெருவழக்கான விதி. டோக்கன் உடையோர் எல்லாரும் ஒவ்வொரு பிரேரணையையும் படித்து ஆராய்ந்து வாக்களிக்க நேரமற்றவர். ஆதலின் தம் வாக்கை இன்னொருவரிடம் ஒப்படைக்கின்றனர். ஒப்படைக்கப்பெற்றவரே பேராளர்.

இம்முறையைப் போற்றுவோர் கூறுவது யாது? பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்துவிட்டால் அடுத்த தேர்தல்வரை அசைக்க முடியாது. பேராளரையோ இன்றிரவே நீக்கிவிட்டு நாளைக் காலை வேறொருவரை அமர்த்தலாம். அவர் அளித்த ஒவ்வொரு வாக்கும் எவரும் பார்க்கத்தக்கதாக ஏட்டிற் பதிந்துள்ளது. ஆகவே இதனினும் செம்மையான ஜனநாயகம் உலகில் இல்லை என்பர். வாக்குப் பதிவின் வெளிப்படைத்தன்மையை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நீக்கும் ஆற்றல் பற்றிய கூற்றை அப்படியே விழுங்குதல் இயலாது. ஒரு பேராளரிடம் மூன்று மில்லியன் வாக்குகள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றுள் இரண்டரை மில்லியன் ஒரே நிறுவனம் தந்தவை. எஞ்சியவை ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறியோர் நானூறு நானூறாகத் தந்தவை. சிறியோன் ஒருவன் வெகுண்டு தன் நானூற்றை மீளப்பெற்றால் பேராளர் அதனை அறியவும் மாட்டார். நிறுவனம் மீளப்பெற்றால் அன்றோடு அவர் பேராளர் என்னும் நிலையே அழியும். மீளப்பெறும் உரிமை இருவருக்கும் சமமாக எழுதப்பட்டுள்ளது. அதன் வலிமையோ ஒருவரிடம் மட்டுமே உள்ளது. பேராளர் வாக்களிக்க முற்படும் வேளையில் எவரது முகம் அவர் நினைவில் எழும் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

இலங்கையருக்கு இது புதிய கதையன்று. 1931க்கு முன்னர் இந்நாட்டிற் சொத்தும் வருமானமும் கல்வியுமே வாக்குரிமையின் அளவுகோல்களாக இருந்தன. மக்கள் தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவினரே வாக்காளராயினர். டொனமூர் ஆணைக்குழுவினர் சர்வசன வாக்குரிமையை முன்வைத்தபோது அதனை எதிர்த்தோருள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். படிப்பும் உடைமையும் உள்ளோரே பொதுக்காரியத்தை ஆராய வல்லார் என்பது அக்காலத்து மேற்குடியினரின் வாதம். இன்று டோக்கன் ஆளுகைக்கு ஆதரவாக எழுதுவோர் கூறுவதும் அதுவே: அமைப்பில் அதிகம் முதலிட்டவனுக்கே அதன் நன்மையில் அதிக அக்கறை இருக்கும், ஆகவே அவனுக்கே அதிக வாக்கு என்கின்றனர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பழைய சொத்துரிமை வாக்கிலேகூட நூறு ஏக்கர் உடையவனுக்கு நூறு வாக்கு அளிக்கப்படவில்லை. வரிசெலுத்தும் அளவைக் கொண்டு வாக்காளரை மூன்று வகுப்பாகப் பிரித்த பிரஷ்யாவின் தேர்தல் முறையும், அது 1849 முதல் 1918 வரை நிலவியது, இந்த அளவுக்குத் துணியவில்லை.

ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் கோட்பாடு நம் நாட்டில் முழுமையாக நின்றது என்று கூறவும் நாம் வரவில்லை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழ்த் தொழிலாளரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. ஆயின் அது பறிப்பு என்றே அறியப்பட்டது. அதற்கு அதிகாரப் பரவலாக்கம் எனப் பெயரிடத் துணிந்தார் எவருமிலர்.

யுனிசுவொப்பின் தொடக்கநாட் கணக்கைச் சற்று நோக்குவோம். 2020 செப்டெம்பரில் அவ்வமைப்பு நூறு கோடி டோக்கன்களைத் தோற்றுவித்தது. முன்பு அதனைப் பயன்படுத்திய முகவரி ஒவ்வொன்றுக்கும் 400 டோக்கன் இலவசமாக வழங்கப்பட்டது. மொத்தத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு சமூகத்துக்கு எனவும், எஞ்சியதிற் பெரும்பகுதி அமைப்பைக் கட்டியோர்க்கும் முதலீட்டாளர்க்கும் எனவும் வகுக்கப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயின் ஒரு பிரேரணையைக் கொண்டுவருவதற்கே அன்று பத்து மில்லியன் டோக்கனின் வாக்குப்பலம் தேவைப்பட்டது. நானூறு டோக்கன் பெற்ற ஒருவன் தன் கருத்தை வாக்கெடுப்புக்கு விட வேண்டுமாயின் தன்னைப் போன்ற இருபத்தையாயிரம் பேரைத் திரட்ட வேண்டும். பெருநிறுவனத்துக்கோ ஒரு கையொப்பம் போதும்.

முதலாவது பிரேரணை அவ்வாண்டு ஒக்டோபரில் வாக்கெடுப்புக்கு வந்தது. பிரேரணை கொண்டுவருவதற்கான எல்லையையும் கூட்டநடப்பெண்ணையும் குறைக்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். 39,596,759 வாக்குகள் ஆதரவாக விழுந்தன. எதிர்ப்பு ஒரு மில்லியனைத் தானும் எட்டவில்லை. எனினும் பிரேரணை தோற்றது, ஏனெனில் ஆதரவு 40 மில்லியனை எட்ட வேண்டும் என்பது விதி. குறைந்தது 403,241 வாக்கு. அதாவது, நானூறு டோக்கன் பெற்ற சிறியோர் ஓராயிரத்துச் சில்லறைப் பேரின் வாக்கு. ஆதரவாக விழுந்தவற்றிற் பெரும்பகுதி இரண்டே பேராளர்களிடம் குவிந்திருந்தது, அவ்விரண்டும் கம்பனிகள். அவற்றுள் ஒன்றே பிரேரணையைக் கொணர்ந்தது. எல்லை குறைக்கப்பட்டிருப்பின் அவ்விரண்டும் ஏனையோரின் துணை பெரிதும் வேண்டாது அமைப்பை நடத்தியிருக்க முடியும் என்று அஞ்சியோரும் அன்று இருந்தனர்.

அந்தச் சிறியோர் ஏன் வரவில்லை? சோம்பல் என்று எளிதாகக் கூறிவிடுவர். டோக்கன் கையிலிருந்தால் மட்டும் அங்கே வாக்கு உண்டாகாது. பிறருக்கோ தனக்கேயோ அதனை ஒப்படைத்துப் பதிவுசெய்த பின்னரே அது வாக்காகும். அப்பதிவுக்கும் வாக்களிப்பதற்கும் எதீரியம் ஏட்டிற் கட்டணம் உண்டு. நெரிசலான நாட்களிலே அக்கட்டணம் பத்துக்கணக்கான டொலராக உயர்ந்ததும் உண்டு. வாக்களிக்கச் செல்வோனிடம் வாயிலிலே தலைவரி அறவிட்டுவிட்டு, அவன் வரவில்லையே எனக் குறைகூறுதல் போன்றது இது.

உடைமையே வாக்கானால், பிறர் உடைமையைக் கையில் வைத்திருப்போன் யார் என்னும் வினாவும் எழும். இதற்கு 2020இல் ஸ்டீம் என்னும் அமைப்பிலே நடந்ததை விடத் தெளிவான விடை கிடையாது. அங்கே டோக்கன் உடையோர் வாக்களித்து இருபது சாட்சியரைத் தேர்வர். ஏட்டை எழுதுவோரும் விதிமாற்றத்தை ஏற்போரும் அவர்களே. அவ்வாண்டு பெப்ரவரியில் ட்ரொன் அமைப்பின் ஜஸ்டின் சன், ஸ்டீமைத் தோற்றுவித்த கம்பனியை விலைக்கு வாங்கினார். அக்கம்பனியிடம் தொடக்கம் முதலே குவிந்திருந்த பெருந்தொகை டோக்கனும் அவருடையதாயிற்று. சாட்சியர் அஞ்சினர். சில நாளில் அந்த டோக்கன்கள் வாக்களிக்காதவாறு அவற்றை முடக்கினர். இதனைச் செய்யுமாறு டோக்கன் உடையோரை அவர்கள் கேட்டதில்லை என்பதையும் நேர்மையாகப் பதிய வேண்டும். மார்ச் 2ஆந் திகதி மறுதாக்குதல் வந்தது. பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய பரிவர்த்தனை நிலையங்கள், வாடிக்கையாளர் தம்மிடம் வைப்புச் செய்திருந்த டோக்கன்களைக் கொண்டே வாக்களித்து, இருபது சாட்சியரையும் ஒரே நாளில் மாற்றின. பைனான்ஸ் தலைவர் பின்னர், இதனை வழமையான மேம்படுத்தல் என எண்ணி அனுமதித்துவிட்டதாகக் கூறினார். நிலையங்கள் வாக்கைப் பின்வாங்கின. அவ்வாறு வாக்குக்கெனப் பூட்டிய டோக்கனை முழுதும் மீட்கப் பதின்மூன்று வாரம் பிடிக்கும் என்பது அமைப்பின் விதி. வாடிக்கையாளனோ தன் பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பதாகவே எண்ணியிருந்தான். மார்ச் 20இல் பெரும்பகுதிச் சமூகத்தினர் ஏட்டின் பிரதியோடு பிரிந்து ஹைவ் என்னும் புதிய அமைப்பைத் தொடங்கினர்.

பிரிந்துபோகும் இவ்வுரிமையே இம்முறையின் இறுதிக் காவல் என்று சிலர் வாதிப்பர். ஏடு பொதுவாதலால் யாரும் பிரதி எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்பது மெய்யே, அது பெரிய உரிமையும்கூட. ஆயின் வீடு பறிபோன பின்னர் வேறு காணியிற் குடிசை போடலாம் என்பதற்காக, வீட்டைப் பறித்த முறை நன்று என்றாகிவிடாது.

இனிப் பேராளரைத் தேரும் முறைக்கு வருவோம். 2023 மார்ச் 23ஆந் திகதி ஆர்பிட்ரம் என்னும் அமைப்பு தன் டோக்கனைப் பயனாளரிடையே பகிர்ந்தது. டோக்கனைப் பெற்றுக்கொள்ளும் வழியிலேயே பேராளரைத் தேரும் கட்டமும் வைக்கப்பட்டிருந்தது. இலட்சக்கணக்கானோர் இலவசப் பொருளைப் பெறும் அவசரத்தில் நின்றனர். எதிரே ஒரு பெயர்ப்பட்டியல். பெயர் ஒவ்வொன்றின் கீழும் தற்புகழ்ச்சி கலந்த சிற்றுரை. கூப்பன் கடையில் வரிசையில் நிற்பவனிடம் அரிசிப் பையைக் கொடுக்குமுன், உன் பிரதிநிதி யார் சொல் என்று கேட்டால் அவன் எங்ஙனம் சிந்திப்பான்? கேள்விப்பட்ட பெயரைச் சுட்டுவான். அடுத்தவன், அப்பெயரிடம் வாக்கு அதிகம் உள்ளது கண்டு அதையே சுட்டுவான். புகழுக்கு வாக்கும், வாக்குக்கு மேலும் புகழும் சேரும்.

பகிர்வு முடிந்து சில நாளில் அவ்வமைப்பின் முதலாவது பிரேரணை வந்தது. பலவற்றை ஒருங்கே கட்டிய அப்பிரேரணையில், 750 மில்லியன் டோக்கனை, அன்று ஏறத்தாழ நூறு கோடி டொலர் மதிப்புடையதை, நிருவாக அறக்கட்டளைக்கு வழங்குவதும் அடங்கியிருந்தது. வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே அத்தொகையில் ஒரு பகுதி ஏற்கெனவே கைமாறியிருந்தமை வெளிவந்தது. பத்து மில்லியன் டோக்கன் விற்கப்பட்டிருந்தது, நாற்பது மில்லியன் கடனாகக் கொடுக்கப்பட்டிருந்தது. நாம் கேட்டது அனுமதியன்று, முன்னரே எடுத்த முடிவுக்கு ஒப்புதல் மாத்திரமே என்னும் பொருள்பட அறக்கட்டளை விளக்கம் தந்தது. இங்கு ஒன்றை மறைத்தல் ஆகாது: பேராளர்கள் இம்முறை விழித்துக்கொண்டனர். பெரும்பான்மை வாக்கு எதிராக விழுந்தது. அறக்கட்டளை இறங்கிவந்து பிரேரணையைப் பிரித்துத் திருத்தியது. பேராளர் முறையை முற்றாகக் கழித்துவிடுதல் நம் நோக்கமன்று என்பதற்கு இந்நிகழ்ச்சியே காரணம். வாசிக்கும் கண்கள் சில இருந்தமையாற் பெரும் பிழையொன்று தடுக்கப்பட்டது.

ஆயின் அதே அமைப்பில் 2025 ஏப்ரலில் நடந்ததையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். மேற்பார்வைக் குழுவொன்றுக்கு உறுப்பினரைத் தேரும் வேளையில், லொபிஃபை என்னும் வாக்குச் சந்தையின் வழியே ஒருவர் 5 ஈதர், அதாவது ஏறத்தாழப் பதினாயிரம் டொலர், செலுத்தி, 19.3 மில்லியன் டோக்கனின் வாக்கை ஒருமுறைக்கு வாங்கினார். அந்த டோக்கன்களின் விலை ஆறு மில்லியன் டொலருக்கும் மேல். உடைமையாளர் தம் வாக்கைச் சந்தைக்கு ஒப்படைத்திருந்தனர். சந்தை அதனை ஏலங்கூறிற்று. நம் ஊர்த் தேர்தல்களிற் சாராயமும் அரிசிப் பொதியும் இரவிலே, கதவு சாத்திய பின் கொடுக்கப்படுவன. இங்கே விலைப்பட்டியலோடு பகலிலே நடைபெறுகிறது. வெளிப்படையாக நடப்பதால் இது லஞ்சமன்று, விலைநிர்ணயம் என்று வாதிப்போரும் உளர்! வாக்கு ஓர் உடைமையெனின் அதனை விற்றல் குற்றமாவது எப்படி என அவர்கள் கேட்பது தருக்கப்படி சரியே. தருக்கத்தின் தொடக்கமே பிழை.

வாக்கை வாங்கவும் வேண்டாம், கடன் பெற்றாலே போதும் என்பதை 2022 ஏப்ரல் 17ஆந் திகதி பீன்ஸ்டோக் என்னும் அமைப்பு கண்டது. ஒருவர் ஏறத்தாழ நூறு கோடி டொலரைக் கணப்பொழுதுக்குக் கடனாகப் பெற்று, அதனால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட வாக்கை எய்தி, தாமே முன்னரே இட்டுவைத்த பிரேரணையை நிறைவேற்றி, நிதியைத் தம்மிடம் மாற்றிக்கொண்டு, கடனையும் அக்கணமே அடைத்தார். அமைப்புக்கு ஏற்பட்ட இழப்பு ஏறக்குறைய 182 மில்லியன் டொலர். 2024 யூலையில் கொம்பவுண்ட் அமைப்பிலே 289ஆம் இலக்கப் பிரேரணை 682,191க்கு 633,636 என்ற வாக்குக் கணக்கில் வென்றது. சுமார் 24 மில்லியன் டொலர் பெறுமதியான 499,000 டோக்கனைப் பொதுநிதியிலிருந்து ஒரு குழுவினர் தோற்றுவித்த திட்டத்துக்கு ஒதுக்கும் பிரேரணை அது. டோக்கனைத் திரட்டி வாக்கைக் குவித்தோர் விதி எதனையும் மீறவில்லை. சமரசம் ஏற்பட்டமையால் அது நடைமுறைக்கு வரவில்லை. எழுநூறாயிரம் வாக்குக்கும் குறைவான பலத்தில் அத்தகைய தொகை கைமாறக்கூடிய நிலை இருந்தமையை மட்டும் இங்கு சுட்டுகிறோம்.

எதிர்வாதம் ஒன்றுக்கு விடையிறுக்காது செல்லுதல் முறையன்று. முகவரியின் பின்னால் இருப்பவர் யார் என்பது ஏட்டுக்குத் தெரியாது. ஒருவரே ஓரிரவில் ஆயிரம் முகவரி உண்டாக்கலாம். ஆளுக்கொரு வாக்கு என விதித்தால் ஆயிரம் வேடம் புனைபவனே ஆள்வான். ஆகவேதான் போலிசெய்ய முடியாத டோக்கனை அளவுகோலாகக் கொண்டோம் என்பர். இது வலிய வாதம். இதற்கு முழுவிடை இன்னும் எவரிடமும் இல்லை. ஆயினும் முயன்றோர் உளர். ஒப்டிமிசம் என்னும் அமைப்பு 2022 முதல் இரு சபைகளைக் கொண்டு இயங்கத் தொடங்கிற்று; ஒன்று டோக்கன் உடையோர் சபை, மற்றையது விற்கவோ கைமாற்றவோ இயலாத உறுப்புரிமையால் ஆகிய குடிமக்கள் சபை. குறைகள் பல இருக்கலாம். ஆனால் உடைமையின் குரல் வேறு, ஆளின் குரல் வேறு என்பதை அது யாப்பிலேயே ஒப்புக்கொண்டது. முடியாது என்று கைவிரிப்பவர்கள், முடியாமைக்கும் விரும்பாமைக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

ஆளுக்கொரு வாக்கு வந்துவிட்டால் எல்லாம் தீரும் எனவும் நாம் மயங்கவில்லை. ஜேர்மனியின் பைரேட் கட்சியினர் 2010 முதல், உறுப்பினர் தம் வாக்கை வேண்டியவரிடம் ஒப்படைத்து மீட்கும் கணினி முறையொன்றைக் கையாண்டனர். அங்கே டோக்கனும் இல்லை, முதலாளியும் இல்லை. எனினும் சிலரிடம் வாக்குகள் குவிந்து அவர்கள் பெரும்பேராளர் ஆயினர். ஒப்படைத்தவர் மறந்துபோவர், ஒப்படைக்கப்பட்டது அப்படியே கிடக்கும். மறதி என்பதும் ஓர் அரசியற் சக்தி. கார்டானோ அமைப்பில் இம்மறதிக்கு ஒரு விதி செய்தனர்: 20 காலவட்டம், அதாவது நூறு நாள் அளவு, வாக்களியாத பேராளர் செயலற்றவராகக் கணிக்கப்படுவார். நல்ல விதி. அதே அமைப்பிலே 2025 சனவரி முதல், பேராளரைத் தேர்ந்தோ வாக்களிப்பிலிருந்து விலகுவதாகப் பதிந்தோ ஆகாதவர் தம் வைப்பின் ஊதியத்தை எடுக்க முடியாது எனவும் விதித்தனர். ஊதியத்துக்காகத் தேர்ந்த பேராளரைத் தேர்ந்தவன் பின்னொருநாள் திரும்பிப் பார்ப்பானா என்பது ஐயமே.

பேராளரைத் தேர்வோர்க்கு வழங்கப்படும் அறிவுரைகளைப் பார்த்தால் அவை யாவும் ஒரே அச்சில் வார்த்தவை: தொழில்நுட்ப அறிவுடையவரா, முன்னனுபவம் உண்டா, எத்தனை வாக்கெடுப்பில் பங்குபற்றினார், எழுத்துத் திறமை எத்தகையது என்று பார்க்கச் சொல்வர். உத்தியோகத்துக்கு ஆளெடுக்கும் வினாக்கள் இவை. பேராளரிடம் முதலிற் கேட்கவேண்டியது ஒன்றே: உமக்கு அதிக வாக்குத் தந்தவருக்கு எதிராக நீர் என்றேனும் வாக்களித்ததுண்டா? ஆம் எனின் எப்போது? அதன் பின்னர் அவர் தந்த வாக்குகள் உம்மிடம் எஞ்சினவா? ஏடு திறந்தே இருப்பதால் விடையை அவர் வாயாற் கேட்கவும் வேண்டியதில்லை, நாமே பார்த்துக்கொள்ளலாம். வெளிப்படைத்தன்மை என்று அவர்கள் பெருமையோடு பேசும் கருவி இத்தகைய பயனுக்கு ஆகட்டும். அறிஞராயினும் இவ்வினாவுக்கு விடையற்றவரிடம் வாக்கை ஒப்படைப்பதைவிட, சுமாரான அறிவோடு ஒருமுறையாவது பெரியவரைப் பகைத்த ஒருவரிடம் ஒப்படைத்தல் மேல். இது மிகைக்கூற்று எனச் சிலர் கருதலாம், நாம் திருத்தப்போவதில்லை.

பெருமுதலும் தோற்கும் என்பதற்கு 2023 பெப்ரவரியை எடுத்துக்காட்டுவர். யுனிசுவொப்பை இன்னொரு பிளொக்செயினுக்கு விரிவுபடுத்தும் பிரேரணைக்கு எதிராக நாம் தொடக்கத்திற் கூறிய அதே முதலீட்டு நிறுவனம் 15 மில்லியன் வாக்கைப் போட்டது; பிரேரணை வென்றது. உண்மை. அப்பிரேரணை ஏற்ற இணைப்புத் தொழில்நுட்பத்துக்குப் போட்டியான ஒன்றில் அந்நிறுவனம் முதலிட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே கையிலிருந்து விழுந்த அவ்வாக்கு, கூட்டநடப்பெண்ணின் மூன்றிலொரு பங்கினும் மிகுதி. ஒருமுறை தோற்றது என்பதைக் கொண்டு, அதனிடம் வாக்குப் பெற்ற மாணவர் கழகங்கள் அஞ்சாது இயங்கும் என்று முடிவுகட்ட முடியாது.

இவ்விடத்திலே நம்மவர் வழக்கம்போல் உத்தரமேரூரை எடுத்துவருவர். 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள், குடவோலையால் வாரியத்தாரைத் தேர்ந்த முறையைக் கூறுவது மெய். அது மக்களாட்சி என்று மேடைதோறும் முழங்குவது மெய்யன்று. பிராமணச் சபையொன்றில், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உடையோருக்குள்ளே நடந்த திருவுளச் சீட்டு அது. உடைமைத் தகுதியே அங்கும் வாயிற்காவல். எனினும் அதில் ஒரு விதி இன்றைய எந்த டோக்கன் யாப்பினும் கடுமையானது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் குடத்தில் ஓலையிடப் பெறார். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவனும் பெறான். சேர்ந்தாற்போல ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும் பேராளருக்கும், பெற்ற நிதியின் பாதியை விற்றுவிட்டுப் பின்னர் விளக்கம் எழுதுவோருக்கும் இவ்விதியை வாசித்துக்காட்டலாம்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கணினி பயிலும் மாணவர் பலர் இத்துறையில் ஆர்வங்கொண்டுள்ளனர். அவர்களது கழகமொன்றுக்கும், உங்களைப் பேராளராக்குகிறோம், இத்தனை இலட்சம் வாக்கு இதோ என ஒரு கடிதம் நாளை வரலாம். அதனோடு ஊதியமும் வரலாம். அதுவும் டொலரில் வரலாம். இன்றைய நெருக்கடியில் அதனை மறுத்துவிடுக என உபதேசிப்பது எளிது, உபதேசிப்பவன் வயிறு நிறைந்திருந்தால். ஆகையால் மறுக்குமாறு கூறமாட்டோம். கடிதம் வந்தால் அதனைச் செயற்குழு தனக்குள் முடித்துக்கொள்ளாது பொதுக்கூட்டத்தில் வாசித்தல் வேண்டும். வாக்கைத் தந்தவர் பெயரும் தொகையும், தரப்படும் ஊதியமும் அறிவித்தற்பலகையில் ஒட்டப்படல் வேண்டும். வாக்கை எந்நேரமும் மீளப்பெறலாம் என்னும் வாசகம் அக்கடிதத்தில் இருக்குமாயின், குறித்த காலத்துக்கு மீளப்பெறேன் என எழுதித்தருமாறு முதலிற் கேட்டுப் பதில் எழுதுக. என்ன பதில் வருகிறது என்பதை அடுத்த ஆண்டு மலரில் வெளியிட இதழாசிரியர் இடந்தருவார் என நம்புகிறோம்.